ஜெர்மனியில் காய்கறி பயிரிட நிலம் தேடுவோருக்கு: எந்தச் சொல் எந்தத் தோட்டத்தைக் குறிக்கிறது?

ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டேன். விளம்பரத்தில் ‘கார்ட்டன்’ என்று இருந்தது. தோட்டம் என்றால் தோட்டம்தானே என்று நினைத்து, நானும் மனைவியும் அந்த இலையுதிர்காலத்திலேயே மூன்று ரெட் கரன்ட் பெர்ரிப் புதர்களையும் ஓர் ஆப்பிள் கன்றையும் நட்டோம். அடுத்த ஆண்டு நவம்பரில் நில உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது: ஒரே பருவத்தில் முடிந்துபோகாத செடிகள் அனைத்தையும் நான்கு வாரத்துக்குள் அகற்ற வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து மீண்டும் படித்தேன். முதல் பக்கத்திலேயே ‘கிராபெலாண்ட்’ என்ற சொல் இருந்தது. அதன் பொருளை அன்றுதான் அகராதியில் தேடினேன். நாங்கள் தோண்டப் போன நாளில் மேல்மண் உறைந்திருந்தது. கடப்பாரையால் உடைத்த பிறகுதான் மண்வெட்டி இறங்கியது. ஆப்பிள் கன்றின் வேர் அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஓடியிருந்தது. அது அறுபடாமல் வெளியே வரவில்லை, கன்றும் பிழைக்கவில்லை.

அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உணவுப் பயிர் வளர்க்கும் நிலத்துக்கு ஜெர்மன் மொழியில் பத்துப் பதினைந்து சொற்கள் உண்டு. அவற்றில் சில வெறும் வருணனைகள். சிலவோ, நீங்கள் எதை நடலாம், எவ்வளவு கட்டலாம், எப்போது வெளியேற்றப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் சொற்கள். ஜெர்மன் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் விளம்பரங்களில் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

1. வருணனைச் சொல்லையும் சட்டச் சொல்லையும் பிரித்துப் பாருங்கள்

நம் ‘காய்கறித் தோட்டம்’ போலவே ஜெர்மன் கூட்டுச்சொல்லிலும் கடைசிப் பகுதி இனத்தையும் முற்பகுதி வகையையும் சொல்லும். ‘கார்ட்டன்’ என்ற முடிவைப் பார்த்ததும் நின்றுவிடாமல், முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

பின்வருவன வருணனைகள் மட்டுமே. ‘நுட்ஸ்கார்ட்டன்’ என்பது பயன் தரும் செடிகளுக்கான தோட்டம். அழகுக்காக வளர்க்கும் ‘ட்ஸீர்கார்ட்டன்’ அதன் எதிர்ச்சொல். காய்கறி, பழம், மூலிகை எல்லாம் நுட்ஸ்கார்ட்டனில் அடங்கும். காய்கறிக்கு மட்டும் என்றால் ‘கெம்யூஸகார்ட்டன்’, பழமரங்களுக்கு ‘ஓப்ஸ்ட்கார்ட்டன்’, மூலிகைக்கும் கொத்தமல்லி, புதினா போன்றவற்றுக்கும் ‘கிரொய்ட்டர்கார்ட்டன்’. ‘கியூஷன்கார்ட்டன்’ என்பது சமையலறையை அடுத்த தோட்டம். நம் வீட்டுக் கொல்லைக்கு மிக நெருங்கிய சொல் இதுதான். இதன் முதல் உயிரைச் சற்று மாற்றி ‘கூஹன்’ என்றால் கேக் என்று பொருளாகிவிடும் என்பதால், உச்சரிப்பில் கவனம் தேவை. ‘பவுவர்ன்கார்ட்டன்’ என்பது கிராமத்து விவசாயி வீட்டுத் தோட்டத்தின் பாணியில் காய்கறியையும் பூவையும் மூலிகையையும் கலந்து நடும் அமைப்பு. அது அமைப்பின் பெயர்தான்; விவசாய நிலம் என்று பொருள் அல்ல.

இந்தச் சொற்களில் எது விளம்பரத்தில் இருந்தாலும், அதனால் உங்களுக்கு எந்த உரிமையும் வருவதில்லை, எந்தக் கடமையும் வருவதில்லை. உரிமையையும் கடமையையும் கொண்டுவருபவை ‘கிளைன்கார்ட்டன்’, ‘கிராபெலாண்ட்’, ‘ஃப்ரைட்ஸைட்கார்ட்டன்’ போன்ற சொற்கள். விளம்பரத் தலைப்பில் கெம்யூஸகார்ட்டன் என்று எழுதி, ஒப்பந்தத்தில் கிராபெலாண்ட் என்று வைத்திருப்பதில் சட்டத் தவறு எதுவும் இல்லை. செல்லுபடியாவது ஒப்பந்தத்தில் உள்ள சொல்தான்.

2. கிளைன்கார்ட்டன்: பாதுகாப்பு அதிகம், விதியும் அதிகம்

‘கிளைன்’ என்றால் சிறிய. ஆனால் சிறிய தோட்டம் எல்லாம் கிளைன்கார்ட்டன் ஆகிவிடாது. 1983-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சிறுதோட்டச் சட்டம் இந்தச் சொல்லுக்குத் தெளிவான வரையறை தருகிறது. வணிக நோக்கமின்றிச் சொந்தத் தேவைக்கு விளைபொருள் வளர்க்கவும் ஓய்வாகப் பொழுதைக் கழிக்கவும் பயன்பட வேண்டும். பொதுப் பாதை, விளையாட்டிடம், சங்கக் கட்டடம் போன்றவற்றைப் பகிர்ந்துகொள்ளும் பல தோட்டங்களின் தொகுதிக்குள் அமைந்திருக்க வேண்டும். பரப்பு 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள சிறு வீடு, அதாவது ‘லவுப’, கூரையிட்ட திண்ணையையும் சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்றதாக அது இருக்கக் கூடாது.

மக்கள் பேச்சில் ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்பார்கள். அதுவும் கிளைன்கார்ட்டனும் நடைமுறையில் ஒன்றே. சட்டத்தில் இருப்பது பின்னது மட்டும். சில ஊர்களில் ‘பார்ட்ஸெல்ல’ என்று மட்டும் சொல்வார்கள். அதன் நேர்ப்பொருள் மனைத்துண்டு என்பதால், எந்த வகை நிலம் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

காய்கறி வளர்க்க விரும்பும் நமக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. கிளைன்கார்ட்டனில் விளைச்சல் ஒரு கடமை. பரப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொதுவாக விளைபொருளுக்கு இருக்க வேண்டும் என்பதை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004-இல் அளவுகோலாக ஏற்றது. புல்வெளியும் ஊஞ்சலும் மட்டும் வைத்திருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். எங்கள் இப்போதைய தோட்டம் 280 சதுர மீட்டர். ஆண்டாய்வுக்கு வந்த சங்கத் தலைவர் வேலியோரமாக நடந்து, உருளைக்கிழங்குப் பாத்தியையும் பீன்ஸ் வரிசையையும் காலடியால் அளந்து, வெந்தயக்கீரைப் பாத்தியருகே நின்று, ‘இது களையா, பயிரா?’ என்று கேட்டார். ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். குறிப்பேட்டில் பயிர் என்று எழுதிக்கொண்டார். அவர்களுக்குப் பழக்கமில்லாத கீரைகளை நடும்போது பெயர்ப்பலகை ஒன்று ஊன்றி வையுங்கள்.

பொறிகள் இரண்டு. முதலாவது, இணைய விளம்பரங்களில் ‘ஷ்ரேபர்கார்ட்டன் விற்பனைக்கு’ என்று வரும். நிலம் அவருடையது அல்ல, அவர் குத்தகைதாரர். லவுபவையும் செடிகளையும் அவர் கைமாற்றலாம், குத்தகையைக் கைமாற்ற முடியாது. அடுத்த குத்தகைதாரர் யார் என்பதை ‘ஃபெரைன்’, அதாவது சங்கம் தீர்மானிக்கும். சங்கத்தின் ஒப்பந்தம் கைக்கு வருமுன் தனியாளிடம் முன்பணம் கொடுத்தால், தோட்டமும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் போகலாம். இரண்டாவது, வால்நட், ஊசியிலை மரங்கள் போன்ற காட்டு மரங்களைப் பெரும்பாலான தோட்ட விதிகள் தடை செய்கின்றன. முந்தையவர் நட்ட மரமானாலும், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டால் வெட்டும் செலவு உங்கள் தலையில் விழும்.

3. கிராபெலாண்ட்: ஓராண்டுப் பயிருக்கு மட்டும்

‘கிராபென்’ என்றால் தோண்டுதல். ‘கிராப்’ என்றால் கல்லறை என்பதைக் கண்டு சிலர் மிரள்கிறார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஆனால் இங்கே பொருள் தோண்டிப் பயிரிடும் நிலம். அதே சிறுதோட்டச் சட்டம் இதைக் கிளைன்கார்ட்டன் அல்ல என்று பெயர் சொல்லியே விலக்குகிறது: ஒப்பந்தப்படி ஓராண்டுச் செடிகளை மட்டும் பயிரிடக்கூடிய நிலம் இது.

இதன் விளைவை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, பூசணி, பீன்ஸ், கீரை எல்லாம் சரி. பழமரம் கூடாது, பெர்ரிப் புதர் கூடாது. ஸ்ட்ராபெர்ரி, ருபார்ப், ஆஸ்பராகஸ் மூன்றும் பல ஆண்டுச் செடிகள் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அவையும் கூடாது. கிளைன்கார்ட்டன் குத்தகையை நில உரிமையாளர் சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்காக மட்டுமே முறிக்க முடியும். அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. நாளை கட்டடம் வரவிருக்கும் காலி நிலங்களைத்தான் பெரும்பாலும் இப்படி விடுகிறார்கள். குத்தகை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் அந்த ஊரில் இருக்கப் போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு என்றே இப்போதும் சொல்வேன். தெரிந்து எடுத்தால் போதும்.

4. பருவ நிலம், ‘கிரவுட்கார்ட்டன்’, கூட்டுத் தோட்டம்

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு ‘ஸெஸோன்கார்ட்டன்’ இருக்கிறது. ஒரு விவசாயி தன் வயலை உழுது, பெரும்பாலும் வரிசை வரிசையாக விதைத்தும் நட்டும், சில பத்துச் சதுர மீட்டர் துண்டுகளாகப் பிரித்து ஒரு பருவத்துக்கு விடுவார். களை எடுப்பதும் நீர் ஊற்றுவதும் அறுவடையும் உங்கள் வேலை. ‘மீட்டாக்கர்’, ‘ஸெல்ப்ஸ்ட்ஏர்ன்ட’ என்ற பெயர்களிலும் இதைக் காணலாம். பின்னதில் ஒரு குழப்பம் உண்டு: ‘தானே அறுவடை’ என்பது அதன் பொருள் என்பதால், ஸ்ட்ராபெர்ரி வயலில் கூடையோடு போய்ப் பறித்து எடை போட்டுப் பணம் கொடுப்பதையும் அதே சொல்லால் குறிப்பார்கள்.

மியூனிக் நகரில் பருவ நிலத்தின் பெயர் ‘கிரவுட்கார்ட்டன்’. ‘கிரவுட்’ என்றால் மூலிகை. தென் ஜெர்மனியில் முட்டைக்கோஸும் அதுவே. முன்னால் ‘உன்’ சேர்ந்து ‘உன்கிரவுட்’ ஆனால் களை. ஆகவே இதை மூலிகைத் தோட்டம் என்று எண்ணிவிடாதீர்கள்.

‘கெமைன்ஷாஃப்ட்ஸ்கார்ட்டன்’ என்பது கூட்டுத் தோட்டம். தனித்துண்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பல இடங்களில் உழைப்பும் விளைச்சலும் பொது. பெர்லினில் டெம்பல்ஹோஃப் பழைய விமானநிலையத் திடலில் பெட்டிப் பாத்திகளாகவே அமைந்த கூட்டுத் தோட்டம் உண்டு. பல நாட்டவர் சேர்ந்து பயிரிடும் ‘இன்ட்டர்குல்ட்டுரெல்’ தோட்டங்களும் பல நகரங்களில் உள்ளன. மொழி பழகவும் இடமாக இருப்பதால் முதல் ஆண்டுக்கு அவற்றையே பரிந்துரைப்பேன்.

5. தோட்டம் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள்

‘ஃப்ரைட்ஸைட்கார்ட்டன்’ என்பது ஓய்வுநேரத் தோட்டம். இது சிறுதோட்டச் சட்டத்துக்குள் வராது. விளைச்சல் கட்டாயம் இல்லை, குத்தகைக்குச் சட்ட உச்சவரம்பும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வேலிகளுக்குள் ஒன்று கிளைன்கார்ட்டனாகவும் மற்றொன்று ஃப்ரைட்ஸைட்கார்ட்டனாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியாது.

‘ஷ்ட்ரொய்ஓப்ஸ்ட்வீஸ’ என்பது புல்வெளியில் உயரமான பழமரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் தோப்பு. ஓப்ஸ்ட்கார்ட்டன் என்று நினைத்து வாங்கி, மரங்களை வெட்டிப் பாத்தி போடலாம் என்று திட்டமிடாதீர்கள். இத்தகைய தோப்புகளுக்கு 2022 முதல் கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் இத்தகைய நிலத்தை அன்போடு ‘ஷ்ட்யூக்லெ’ என்பார்கள். அது பெரும்பாலும் ஊர் எல்லைக்கு வெளியே இருப்பதால், வேலியோ கொட்டகையோ போடுமுன் கட்டட அனுமதி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வீட்டு வாடகை விளம்பரத்தில் ‘கார்ட்டன்மிட்பெனுட்ஸுங்’ என்று இருந்தால், தோட்டத்தை மற்றவர்களோடு சேர்ந்து பயன்படுத்தலாம் என்று மட்டுமே பொருள். நாற்காலி போட்டு உட்காரலாம். புல்லைக் கிளறிப் பாத்தி வெட்டும் உரிமை அதில் அடங்கியதாக எண்ணக் கூடாது. தனிப்பங்கு வேண்டுமென்றால் அளவோடு வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ‘பேட்’ என்றால் பாத்தி, ‘பெட்’ என்றால் கட்டில். ‘ஹோஹ்பேட்’ உயரப் பாத்தி; ‘ரோட்ட பேட்ட’ பீட்ரூட். ‘பவும்ஷூல’ என்ற பலகை மரப் பள்ளிக்கூடம் என்று பொருள்பட்டாலும், அங்கே கிடைப்பவை மரக்கன்றுகள்.

6. வாடகையா, குத்தகையா என்று பாருங்கள்

நம் மொழியில் வீட்டுக்கு வாடகை, நிலத்துக்குக் குத்தகை என்று பிரிப்பதைப் போலவே ஜெர்மானியரும் பிரிக்கிறார்கள். ‘மீட்ட’ என்றால் பயன்படுத்தும் உரிமை மட்டும். ‘பாஹ்ட்’ என்றால் பயன்படுத்துவதோடு விளைச்சலை அனுபவிக்கும் உரிமையும் சேர்ந்தது. ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பே இப்படி வரையறுக்கிறது. பயிரிடுவதுதான் நோக்கம் என்றால் ‘பாஹ்ட்ஃபெர்ட்ராக்’, அதாவது குத்தகை ஒப்பந்தம் என்ற தலைப்பையே எதிர்பாருங்கள். சங்கத் தோட்டங்களில் ‘உண்ட்டர்பாஹ்ட்’ என்று இருக்கும். சங்கம் குத்தகைக்கு எடுத்ததை உங்களுக்கு உள்குத்தகைக்கு விடுகிறது என்பதுதான் அதன் பொருள், அதில் அச்சப்பட எதுவுமில்லை.

7. ஆவணங்கள்

சங்கத்தில் பெயர் பதிய அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், வசிப்பிடப் பதிவுச் சான்று, நிரப்பிய விண்ணப்பம் போதும். அந்த ஊரில் வசிப்பவர்களுக்குப் பல சங்கங்கள் முன்னுரிமை தருவதால் பதிவுச் சான்றை மறக்காதீர்கள். விசா வகையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. முறை வந்ததும் உறுப்பினர் படிவம், உள்குத்தகை ஒப்பந்தம், வங்கிப் பற்று அனுமதி ஆகியவற்றில் கையெழுத்திடுவீர்கள்.

கையெழுத்திடுமுன் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: சங்கத்தின் விதித் தொகுப்பு (‘ஸாட்ஸுங்’), தோட்ட விதிகள் (‘கார்ட்டன்ஓர்ட்னுங்’), மதிப்பீட்டு அறிக்கை (‘வேர்ட்எர்மிட்லுங்’). மூன்றாவது மிக முக்கியம். முந்தையவர் வெளியேறும்போது பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் வந்து லவுபவையும் செடிகளையும் மதிப்பிட்டு எழுதுவார். அளவு மீறிய கட்டடம், தடை செய்யப்பட்ட மரம் எல்லாம் அதில் குறிக்கப்படும். அவற்றை யார், எந்தத் தேதிக்குள் அகற்றுவார் என்று எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

8. செலவு

கிளைன்கார்ட்டன் குத்தகைக்கு உச்சவரம்பு உண்டு: அவ்வட்டாரத்தில் வணிக அளவில் காய்கறி, பழம் பயிரிடும் நிலத்தின் குத்தகையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் கேட்க முடியாது. அதனால்தான் அது சதுர மீட்டருக்குச் சில பத்து சென்ட்டோடு நிற்கிறது. எங்கள் 280 சதுர மீட்டருக்குக் குத்தகை ஆண்டுக்கு 56 யூரோ. ஆனால் உறுப்பினர் கட்டணம், தண்ணீர், மின்சாரம், காப்பீடு, பொதுச் செலவுப் பங்கு எல்லாம் சேர்ந்த ரசீது அதைப் போல் ஐந்து மடங்கு வருகிறது. ‘பாஹ்ட் எவ்வளவு?’ என்று கேட்காமல், ‘கடந்த ஆண்டு மொத்த ரசீது எவ்வளவு?’ என்று கேளுங்கள்.

முதலில் ஒரே முறையாகக் கொடுக்க வேண்டிய தொகை லவுபவுக்கும் செடிகளுக்குமான கைமாற்றுப் பணம். நகரத்தையும் கட்டடத்தின் நிலையையும் பொறுத்து இது சில நூறு யூரோவிலிருந்து பல ஆயிரம் வரை போகும். மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள தொகைதான் அளவுகோல். மேசை, நாற்காலி, புல்வெட்டி போன்றவற்றை முந்தையவர் தனியாக விற்கலாம். வாங்குவது உங்கள் விருப்பம். வாங்கினால்தான் தோட்டம் என்று நிபந்தனை போட்டால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

கூட்டு வேலை மணிநேரங்களும் உண்டு. ஆண்டுக்கு இத்தனை மணி என்று பொதுப் பாதை, வேலி வேலைகளுக்கு வர வேண்டும். வராத மணிக்குக் கட்டணம் பிடிப்பார்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

9. காலம்

பெரிய நகரங்களில் கிளைன்கார்ட்டனுக்குக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஒரே சங்கத்தை நம்பாமல் நகர மையத்திலிருந்து விலகிய நான்கைந்து சங்கங்களில் பதியுங்கள். பட்டியலில் பெயர் நிலைக்க ஆண்டுதோறும் உறுதி செய்ய வேண்டும் என்று சில சங்கங்கள் கேட்கும்; அந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பாததால் பெயர் நீக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பருவ நிலத்துக்குக் குளிர்காலத்திலேயே பதிய வேண்டும். மே மாதம் கேட்டால் துண்டுகள் தீர்ந்திருக்கும்.

கைமாற்றம் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் நடக்கும். உறைபனியால் குழாய் வெடிக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்; எனவே நவம்பரில் தோட்டத்தைப் பார்க்கப் போனால் குழாய் வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியாது. இயன்றால் செப்டம்பரில் பாருங்கள். வேலிச் செடிகளை மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அடியோடு வெட்டச் சட்டத்தில் தடை உண்டு. லேசாக ஒழுங்கு செய்யலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை மே 11 முதல் 15 வரை வரும் ‘ஐஸ்ஹைலிக’, அதாவது ‘பனிப் புனிதர்’ நாட்கள் கழிந்த பிறகே வெளியே நடுங்கள். ஏப்ரல் வெயிலை நம்பி நட்டால் ஓரிரவு உறைபனியில் கருகிவிடும். வெந்தயம், கொத்தமல்லி குளிரைத் தாங்கும். அவற்றை ஏப்ரலிலேயே விதைக்கலாம்.

10. சங்கத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

மூன்று கேள்விகளை மட்டும் எளிய ஜெர்மனில் கேளுங்கள். ‘இந்த நிலம் சிறுதோட்டச் சட்டத்தின்படி கிளைன்கார்ட்டனா, கிராபெலாண்டா, ஃப்ரைட்ஸைட்கார்ட்டனா?’ ‘பழமரமும் பெர்ரிப் புதரும் நடலாமா?’ ‘மதிப்பீட்டு அறிக்கையையும் கடந்த ஆண்டின் மொத்த ரசீதையும் பார்க்க முடியுமா?’ பதிலை எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். தொலைபேசியில் ‘எல்லாம் நடலாம்’ என்று ஒருவர் சொன்னதை நம்பித்தான் நான் அந்த ஆப்பிள் கன்றை வாங்கினேன்.